மதலேனாவுக்கு உரித்துடையோர்

கனடாவின் மொன்றியல் நகரத் தமிழரில் பலருக்குச் சிவநேசத்தின் முகம் தெரியாது. குரல் தெரியாதவர்கள் குறைவு. ஒருமுறை பார்க் எக்ஸ்டென்சனில் தமிழ்க் கடையொன்றில் நின்று, “தம்பி, பழப்புளி எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். அவ்வளவுதான். பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்ற மனுசி கிழங்கைக் கைவிட்டு, “ஐயோ, ஆர் மோசம் போனது?” என்று நெஞ்சில் கைவைத்தாள்.

அந்த மனுசியைக் குற்றம் சொல்ல முடியாது. சனிக்கிழமை காலைகளில் இணைய வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறவள் சிவநேசம்தான். சேலைக் கடையொன்றுக்கு மேலே இரண்டு சின்ன அறைகளில் நகுலேஸ்வரன் நடத்துகிற வானொலி அது. பாட்டுப் போட்டால் ஒருவரும் சீண்ட மாட்டார்கள், கைபேசியில் கேட்க ஆயிரம் பாட்டு இருக்கிறது. மரண அறிவித்தல் என்றால் மட்டும் குசினியில் வெங்காயம் வெட்டுகிற கைகூட நின்றுவிடும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார். அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் ஆவார். பெயர்கள் வரிசையாக வரும். பெயருக்குப் பக்கத்தில் கனடா, லண்டன், சுவிஸ் என்று இருக்கிற இடமும் வரும். யார் யாருக்கு யார் என்பது அப்போதுதான் சனத்துக்குப் பிடிபடும்.

பெயர் விடுபட்டாலோ, தொலைந்தது கதை. வாசித்து முடிந்த கையோடு தொலைபேசி அலறும். “மூத்த மருமகன்ர பேர் எங்க? ஆர் விடச் சொன்னது?” என்று தொடங்கி, செத்த வீட்டில் பேச வேண்டிய பழைய பகையெல்லாம் வானொலிக்காரர் தலையில் வந்து விடியும். ஒருதரம் விடுபட்ட மைத்துனர் ஒருவர் நேரே மாடியேறி வந்து நகுலேஸ்வரனின் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அவன் ஒரு சட்டம் போட்டான். உரித்துக்காரர் யாராவது ஒரு பெயர் விடுபட்டுப் போய்விட்டது என்று சொன்னால், ஏன் எதற்கென்று கேட்பதில்லை. அடுத்த சனிக்கிழமை, அதே குரலில், திருத்தம் வாசித்தே ஆகவேண்டும். சுவரில் எழுதி ஒட்டியும் வைத்தான். அந்தச் சட்டத்தை அவன் ஒருநாளும் மீறியதில்லை.

இது சிவநேசத்தின் சனிக்கிழமை. மற்ற நாள்களில் அவள் புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் சாமான் பொதி செய்கிறாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்தவள். டவுன்டவுன் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவி, பிரெஞ்சு வகுப்புக்குப் போய், பிள்ளை பெற்று, வீடு மாறி, இங்கே வந்த எல்லோரையும் போலத்தான் அவளுடைய காலமும் ஓடியது. எல்லோரிடமும் இல்லாத ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் புத்தகத்தைத் திறந்துவிடுவாள்.

அதுவும் எப்படிப்பட்ட புத்தகம்! வந்த புதிதில் குடியிருந்த வீட்டுக்கு அருகே ஒரு நூலகம் இருந்தது. அதன் வாசலில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். வருசக்கணக்காக ஒருவரும் இரவல் எடுக்காத புத்தகங்களை, ‘நீக்கப்பட்டது’ என்று பிரெஞ்சில் சிவப்பு முத்திரை குத்தி அதில் போட்டுவிடுவார்கள். விரும்பியவர் எடுத்துக்கொண்டு போகலாம். உள்ளே போய் அட்டை கேட்கப் பயந்துபோய் இருந்த காலம் அது. அவளுடைய அகதி வழக்கை முதலில் தள்ளுபடி செய்திருந்தார்கள். அந்த முத்திரையைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. ‘உன்னையும் வேண்டாமெண்டுதானோ சொன்னவங்கள்? வா’ என்று ஒன்றைத் தூக்கிப் பைக்குள் வைத்தாள். பிரெஞ்சு படிக்க ஒரு புத்தகம் ஆயிற்று என்பது சாட்டு. ஆத்திரந்தான் உண்மையான காரணம்.

அதற்குப் பிறகு அவள் வாசித்ததெல்லாம் அந்த வண்டிக் கதைகள்தான். பழைய ஐரோப்பா முழுவதும் பிரெஞ்சு உடுப்பு உடுத்தி அந்த வண்டியில் வந்து கிடந்தது. ஊரே சேர்ந்து ஒரு பாலம் கட்டி முடித்தபிறகு, முதலில் நடப்பது யார் என்று தலைமுறையாகச் சண்டை பிடிக்கிற ஹங்கேரியக் கதை. புருசன் கடலில் போனபின் கலங்கரை விளக்கை ஒருவருக்கும் சொல்லாமல் தானே ஏற்றி அணைத்த நோர்வேக்காரியின் கதை. மாமியாரைப் பழிவாங்குவதற்காகவே நூறு வயது வரை இருந்த ஒரு செக் மருமகளின் கதை. உலகம் கொண்டாடுகிற பெரிய பெயர்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன என்பது அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்தும் அவள் அசையவில்லை.

“பெரிய பேருகளுக்கு மாலை போட உலகம் முழுக்க ஆக்கள் இருக்கினம். இதுகளுக்கு ஆர் இருக்கினம்?” என்பாள்.

மகள் சாருஜா பல்கலைக்கழகம் முடித்தவள். தாயின் கையிலிருந்த போர்த்துக்கேய நாவலைப் பார்த்து அவள் ஒருநாள் அலுத்துப்போய், “அம்மா, போர்த்துக்கல்லிலயே உந்தப் புத்தகத்தை ஒருத்தரும் வாசிக்கிறேல்லையாம். நான் தேடிப் பார்த்தனான்” என்றாள்.

“அதுதான் நான் வாசிக்கிறன்” என்றாள் சிவநேசம்.

இப்படி ஒரு பெண்ணிடம் வானொலி ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு, அவள் சும்மா இருப்பாள் என்று நகுலேஸ்வரன் நினைத்ததுதான் பிழை. மரண அறிவித்தலைச் சம்பளம் இல்லாமல் வாசிக்கிறாளே என்று, அறிவித்தல் முடிந்தபிறகு பத்து நிமிடம் தருகிறேன், விரும்பியதைப் பேசுங்கள் என்றான். கோலம், சமையல், கைவைத்தியம் என்று ஏதாவது வரும் என்று நினைத்திருப்பான். அவள் வண்டிப் புத்தகங்களை அவிழ்த்துவிட்டாள்.

“மாமியோட ஒரே வீட்டில இருக்கிறவை இந்த செக் கதையைக் கட்டாயம் வாசியுங்கோ. பிரெஞ்சு வாசிக்க ஏலாட்டி பிள்ளையளிட்டைக் குடுத்து வாசிப்பிச்சுக் கேளுங்கோ. அதுகள் பள்ளிக்கூடத்தில பிரெஞ்சுதானே படிக்குதுகள், உதுக்காவது உதவட்டும்” என்பாள். நன்றாகத்தான் பேசினாள். கேட்கத்தான் ஆள் இல்லை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது நகுலேஸ்வரனின் கணினியில் ஒரு கோடாகத் தெரியும். கடைசி அறிவித்தல் முடிந்து, வழக்கமான சோக நாதஸ்வரம் ஒலித்து அடங்கினால், அந்தக் கோடு செங்குத்தாக விழும். செத்தவர் யார் என்று தெரிந்தாயிற்று, இனி என்ன? வெங்காயத்தை வெட்டு.

மாசி மாதத்து வெள்ளி ஒன்றில் நகுலேஸ்வரன் அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. வீட்டுக்கடன் விளங்கப்படுத்திற ஒருத்தர் அந்தப் பத்து நிமிசத்தைக் கேட்கிறார். ஆக்களுக்குப் பிரயோசனமான விசயம். நாளைக்குக் கடைசியாச் செய்யுங்கோ.”

“என்ர கதையள் பிரயோசனம் இல்லையோ?”

“ஆக்களுக்குத் தெரிஞ்ச பேராச் சொன்னாலும் பரவாயில்லை. நீங்கள் சொல்லுறது ஒருத்தருக்கும் தெரியாத ஆக்கள்.”

“தெரிஞ்ச பேரை நான் ஏன் தம்பி சொல்லவேணும்? அதுதான் தெரியுமே!”

“ஒருத்தரும் கேட்கினம் இல்லை அக்கா. பாருங்கோ, கோட்டைப் பாருங்கோ.”

அவள் பார்த்தாள். அறிவித்தல் வரைக்கும் மலைபோல நின்ற கோடு, அவளுடைய புத்தகம் தொடங்கிய இடத்தில் குழிக்குள் போயிருந்தது. அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. செத்தவர்களைத்தானே கேட்கிறீர்கள், சரி. நானும் ஒரு செத்தவளைத்தான் கொண்டுவருகிறேன்.

அடுத்தநாள் காலை மூன்று அறிவித்தல்கள் இருந்தன. மூன்றையும் வாசித்தாள். நாலாவதை, குரலில் ஒரு வித்தியாசமும் காட்டாமல், அதே நிதானத்தில் வாசித்தாள்.

“உப்புமுனையைப் பிறப்பிடமாகவும், லிஸ்பனை வதிவிடமாகவும் கொண்ட செல்வி மதலேனா பிலிப்பு அவர்கள் மாசி மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்றவர்களான பிலிப்பு, ரோசா தம்பதிகளின் அன்பு மகளாவார். உப்பளத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி லிஸ்பன் சென்று, முதுமை வரையில் பிறர் வீட்டு உடுப்புத் தோய்த்து வாழ்ந்தவர். அன்னாருக்கு உரித்துடையோர் எவரும் இல்லை. அன்னாரின் பூதவுடலைப் பொறுப்பேற்க இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அவள் நினைத்திருந்தது வேறு. இந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டு, ‘இவ நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின ஒரு போர்த்துக்கேய நாவலின் நாயகி, இவவின்ர கதையைச் சொல்லுறன் கேளுங்கோ’ என்று தொடங்க இருந்தாள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகுலேஸ்வரன் கைபேசியில் வீட்டுக்கடன்காரருக்கு ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். வாசிப்பது என்னவென்று அவன் கேட்கவே இல்லை. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்ற சொல் காதில் விழுந்ததும், வருசக்கணக்கான பழக்கத்தில் அவன் கை தானாகப் போய் நாதஸ்வரத்தைப் போட்டது. சிவநேசத்தின் ஒலிவாங்கி அணைந்தது. நாதஸ்வரம் அழுது முடிக்கும்போது கோடு வழக்கம்போல விழுந்திருந்தது. பிறகு அவள் நாவல் என்றும் நாயகி என்றும் சொன்னதெல்லாம் சுவருக்குச் சொன்னதுதான்.

மொன்றியல் தமிழருக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மதலேனா, பிலிப்பு, ரோசா. நம்முடைய கரையோரக் கத்தோலிக்கரிடம் இல்லாத பெயர்களா? உப்புமுனை என்பது அவள் நாவலின் கிராமப் பெயரைத் தமிழாக்கி வைத்தது. மன்னார்ப் பக்கமாக இருக்கும் என்றார் ஒருவர், இல்லை புத்தளம் என்றார் இன்னொருவர். லிஸ்பனில் தமிழர் இல்லையா? எங்கேதான் இல்லை? பாவம், ஒரு தமிழ்ப் பொம்பிளை லிஸ்பனில் அநாதையாகக் கிடக்கிறாள். மத்தியானத்துக்குள் கதை நகரின் ஒரு கோடியான லாசாலில் தொடங்கி மறுகோடியான டொலார் வரையில் போய்விட்டது.

நம்முடைய சனத்திடம் ஆயிரம் குறை இருக்கலாம். வாழுகிற ஆளை ஏனென்று கேட்காதவர்கள்கூட, செத்த ஆளைத் தனியே விடமாட்டார்கள். அல்போன்சம்மா என்ற வயதான மனுசி, யார் எவர் என்று விசாரிக்கவே இல்லை. ஞாயிறு தமிழ்ப் பூசையில் ‘மதலேனா பிலிப்பின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று ஒப்புக்கொடுத்துவிட்டார். பீடத்திலிருந்து பெயர் வாசிக்கப்பட்டது. கோயில் நிறைந்த சனம் எழும்பி நின்று செபித்தது.

துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிற ஆனந்தராசா அதைவிட ஒரு படி மேலே போனார். அவருடைய பெறாமகன், சகோதரனின் பிள்ளை, றெனோல்ட் லிஸ்பனில் கடை வைத்திருக்கிறான். அவனைத் தொலைபேசியில் பிடித்து, “டேய், உன்ர கடையைப் பூட்டிப்போட்டுப் போ. ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரியாக் கேள். பிணத்தை மாநகரசபை தாட்டுப்போடும்” என்று விரட்டினார். அவனும் கடையைப் பூட்டிவிட்டு அலைந்தான். பிணவறைக்காரர்களிடம் பெயரைச் சொன்னான். ஒரு கோயிலில் போய் விசாரித்தான். கடைசியில் அங்கே இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கிராமத்துக்கு அர்த்தம் என்ன என்று கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தாராம். “தம்பி, நீ தேடுற ஆள் ஒரு புத்தகத்துக்குள்ள செத்துப்போனவ!”

செய்தி மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்த சிவநேசத்தை நகுலேஸ்வரன் வானொலிக்கு அழைத்தான். பேயறைந்தவன்போல இருந்தான்.

“என்ன அக்கா செய்து வைச்சிருக்கிறியள்? செத்த வீட்டில பகிடியோ?”

“நான் பகிடி விடேல்லை. பேந்து நாவல் எண்டு சொன்னனான்தானே. நாதசுரத்தைப் போட்டு என்ர வாயை மூடினது ஆர் தம்பி?”

“அது பழக்கத்தில போட்டது” என்று முணுமுணுத்தான். பிறகு குரலை உயர்த்தினான். “உங்களுக்கு வடிவாத் தெரியும், சனம் நம்பும் எண்டு.”

“கேட்கும் எண்டு தெரியும். பூசை வைக்கும் எண்டு தெரியாது.”

“மன்னிப்புக் கேட்கவேணும். நானே எழுதித் தாறன். வாற சனி அதை மட்டும் வாசிச்சுப்போட்டு எழும்புங்கோ. புத்தகமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அறிவித்தலுக்கு வேற ஆளைப் பாக்கிறன்.”

அவள் படியிறங்கினாள். குளிர் முகத்தில் அறைந்தது. பத்து நிமிடம் போகப்போகிறது, இப்போது குரலும் போகப்போகிறது. அதைவிட ஒன்று அவளை அரித்தது. நகுலேஸ்வரனிடம் அவள் வெட்கப்படவில்லை. அல்போன்சம்மாவிடம் வெட்கமாக இருந்தது. அவர் இருக்கிற கோட்-டே-நேஜ் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். யாரும் சொல்லி அந்த மனுசி கேட்கக்கூடாது, தானே சொல்லவேண்டும்.

அல்போன்சம்மா கதவைத் திறந்து, முழுவதையும் நின்றபடியே கேட்டார். கோபிப்பார், கடவுளோடு விளையாடுகிறாயா என்று கேட்பார் என்று சிவநேசம் காத்திருந்தாள்.

“அந்தக் கதையில, அந்தப் பிள்ளை செத்தபிறகு ஆரும் பூசை வைச்சவையோ?” என்று கேட்டார் அல்போன்சம்மா.

“இல்லை அம்மா. பொதுக்குழியில போட்டு மூடினது. ஒரு செபம்கூட இல்லை. அதோட புத்தகம் முடியுது.”

“அப்ப அவளுக்கு இதுதான் முதல் பூசை.”

“ஓம் அம்மா.”

“பின்னை என்ன பிழை? உள்ள வா, தேத்தண்ணி குடி.”

சிவநேசம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முத்திரை குத்தி வாசலில் எறியப்பட்டு, அவளுடைய பைக்குள் கிடந்து, பிறந்த நாட்டிலேயே எவரும் நினைக்காத ஒருத்திக்காக, மொன்றியல் கோயிலொன்றில் சனம் எழும்பி நின்றிருக்கிறது. எந்தப் பெரிய எழுத்தாளனின் நாயகிக்கு இது கிடைத்தது? மன்னிப்பா? எதற்கு மன்னிப்பு?

ஆனால் ஆனந்தராசா அல்போன்சம்மா இல்லை. வியாழன் பின்னேரம் லொறியைத் தெருவில் நிறுத்திவிட்டு அவர் சிவநேசத்தின் வீட்டுக்கே வந்துவிட்டார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“என்னை விசரன் ஆக்கிப்போட்டியள் தங்கச்சி. அந்தப் பொடியன் பிணவறை பிணவறையாத் திரிஞ்சவன்.”

“றெனோல்டிட்டை நான் மன்னிப்புக் கேட்கிறன் அண்ணை. அவனை அலைக்கழிச்சது என்ர பிழைதான்.”

“அதில்லை.” அவர் கண் சிவந்தது. “உங்கட அறிவித்தலைக் கேட்டிட்டு, துறைமுக வாசலில லொறியை ஓரமா விட்டிட்டு அழுதனான். கதைக்கோ நான் அழுதனான்?”

அவர் ஏன் அழுதார் என்று சிவநேசத்துக்குத் தெரியும். அவருடைய தம்பி தவனேசன் காசு வாங்கி வெளிநாடு கூட்டிப்போகிற ஏஜென்சிக்காரரை நம்பிப் புறப்பட்டு, பனிக்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் எல்லையொன்றைக் கால்நடையாகக் கடக்கப் போனவன். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. எந்தக் காட்டில், எந்த நாட்டில், யார் தாட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனந்தராசாவின் தாய் சாகும்வரை அவன் செத்தான் என்று சொல்ல யாரையும் விடவில்லை. அந்தத் தாயின் மரண அறிவித்தலைச் சிவநேசம்தான் வாசித்தாள். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆனந்தராசா, கனடா. அடுத்தவர் லண்டன். அடுத்தவர் சுவிஸ். கடைசியில், தவனேசன், ஐரோப்பா. மற்ற எல்லோருக்கும் ஒரு நாடு, ஒரு நகரம். அவனுக்கு மட்டும் ஒரு கண்டம் முழுவதும். உயிரோடு இருக்கிறவனைப்போலத்தான் போட்டிருந்தார்கள். அதை வாசித்தபோது அவளுடைய குரல் ஒருகணம் தடுமாறியது.

இப்போது அவரைத் தேற்றியிருக்கலாம். ‘பிழைதான் அண்ணை, விடுங்கோ’ என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவர் ஆறியிருப்பார். அவளால் அது முடியவில்லை. பொய் சொல்லித் தேற்றுகிற இனம் அவள் இல்லை.

“ஓம் அண்ணை, கதைக்குத்தான் அழுதனீங்கள். அழுறதுக்குத்தான் கதை. உங்கட தம்பிக்கு நீங்கள் இவ்வளவு காலமும் அழேல்லை. அம்மா விடேல்லை. மதலேனாவுக்கு அழ ஒருத்தரும் தடுக்கேல்லை.”

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

“சனிக்கிழமை மன்னிப்புக் கேளுங்கோ” என்றார். “ரேடியோவில. எல்லாரும் கேட்க.” கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சனிக்கிழமை வந்தது. ஊர் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. நகுலேஸ்வரனின் கணினியில் கோடு அதுவரை காணாத உயரத்தில் நின்றது. மன்னிப்புக் கேட்பதைக் கேட்க நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு ஆர்வம். அவன் எழுதிக் கொடுத்த தாள் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தது. ‘கவனயீனத்தால் நேர்ந்த தவறுக்கு’ என்று தொடங்கியது. சிவநேசம் அதை எடுத்து, மடித்து, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகுலேஸ்வரன் எழும்பிவிட்டான். அவள் அவனையே பார்த்தபடி, மரண அறிவித்தல் குரலில் தொடங்கினாள்.

“திருத்தம். சென்ற சனிக்கிழமை அறிவிக்கப்பட்ட செல்வி மதலேனா பிலிப்பு அவர்களுக்கு உரித்துடையோர் எவரும் இல்லை எனத் தவறாக அறிவித்திருந்தோம். அன்னார் ஒரு போர்த்துக்கேய நாவலில் பிறந்து, அதிலேயே இறந்தவர். அந்த நாவலை நூலகம் ஒன்று வேண்டாம் என்று வெளியே போட்டது. அன்னார், மொன்றியலில் தமக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த அல்போன்சம்மா அவர்களின் அன்பு மகளும், லிஸ்பனில் கடையைப் பூட்டிவிட்டுத் தம்மைத் தேடி அலைந்த றெனோல்ட் அவர்களின் பாசமிகு மாமியும், மொன்றியல் துறைமுக வாசலில் லொறியை நிறுத்தித் தமக்காக அழுத ஆனந்தராசா அவர்களின் அன்புச் சகோதரியும் ஆவார். ஞாயிறு பூசையில் எழும்பி நின்ற அனைவரும் அன்னாரின் உற்றார் ஆவர். றெனோல்ட் அவர்களை அலையவைத்ததற்கு மனம் வருந்துகிறேன். மதலேனாவை அறிவித்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.”

நகுலேஸ்வரனின் கை நாதஸ்வரத்துக்குப் போனது. போய் அந்தரத்தில் நின்றது. சுவரில் இருந்த சட்டம் அவன் கையால் எழுதியது. திருத்தத்தை இடையில் நிறுத்த அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு அவள் தொடர்ந்தாள். பத்து நிமிடமும் மதலேனாவின் கதையைச் சொன்னாள். உப்பு வெடித்த கைகளோடு அவள் ஊரைவிட்டுப் போனதை, தோய்க்கக் கொடுத்த உடுப்புகளில் யாருடையது எந்த வியர்வை என்று தெரியும் அளவுக்கு மற்றவர்களின் வாழ்க்கையை வாழ்ந்ததை, ஒரு கடிதமும் வராமல் போனதை எல்லாம் சொன்னாள். கோடு விழவில்லை. முடித்துவிட்டு, ஒலிவாங்கியைத் தானே அணைத்தாள்.

நகுலேஸ்வரன் கதவைத் திறந்தான்.

“நல்லா இருக்குது அக்கா. ஆக்களைக் கேவலப்படுத்தினது காணாதெண்டு, அவையை உறவாயும் ஆக்கிப்போட்டியள். ஆனந்தராசா அண்ணையைக் கேட்டனீங்களோ அவற்ர பேரை வாசிக்க? அவர் இஞ்ச வந்து என்ர கழுத்தைத்தான் பிடிப்பார். முடிஞ்சுது. ரேடியோக் கதவுத் திறப்பைத் தாங்கோ.”

அவள் பையைத் திறந்து திறப்பைத் தேடினாள். அழுகை வந்தது, அவன் முன்னால் அழக்கூடாது என்ற வீம்பும் வந்தது. திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

தொலைபேசி அலறியது. நகுலேஸ்வரன் எடுத்தான். “ஓம் அண்ணை” என்றான். முகம் வெளிறியது. “ஓம் அண்ணை, நான் இப்பதான் அவவுக்குச் சொன்னனான்...” என்று தொடங்கி நிறுத்தினான். கேட்டான். நெடுநேரம் கேட்டான். “ஓம்” என்றான். “விளங்குது அண்ணை” என்றான். தொலைபேசியை வைத்துவிட்டு, சுவரில் தான் ஒட்டிய தாளைப் பார்த்தான். பிறகு மேசையிலிருந்த திறப்பைப் பார்த்தான்.

“ஆனந்தராசா அண்ணை” என்றான்.

“என்னவாம்?”

“ஒரு பேர் விடுபட்டுப்போச்சாம்.”

“ஆற்ற பேர்?”

“தம்பீன்ர பேர். மதலேனாவின்ர சகோதரங்களில தவனேசன் எண்டு சேர்க்கட்டாம்.” அவன் தொண்டையைச் செருமினான். “முன்னுக்குக் ‘காலஞ்சென்ற’ எண்டு போடட்டாம்.”

சிவநேசம் திறப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள்.

“வாற சனி வாசிக்கிறன்” என்றாள்.